மார்கழிக் குளிரும் மூடிய வீடும்

குளிர்காலம் என்றவுடன் மேல்நாட்டுப் புத்தகங்கள் மனத்தில் எழுப்பும் உறைபனியையும் கணப்பறையையும் கனத்த கம்பளி உடைகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டுத்தான் நம் மார்கழியைப் பற்றிப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டுவசதி பற்றிய வழிகாட்டு நெறிகளில், குளிர்ப் பருவத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருப்பது பொதுவாக ஆரோக்கியத்துக்குப் போதுமானது என்று வரையறுத்திருக்கிறது. கோடையில் தமிழகத்திலேயே கடும் வெப்பம் பதிவாகும் ஊர்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணியில், மார்கழி, தை மாதங்களின் விடியலில் வெப்பமானி அந்த எல்லையை ஒட்டி இறங்கினாலும், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரையின் கீழுள்ள அறை அவ்வளவு குளிர்வது அபூர்வம். ஆகவே இப்பருவத்தில் வீட்டிலிருப்போருக்கு நேரும் அபாயங்களைக் குளிரின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. குளிரை விரட்டுவதற்கென்றும் பண்டிகையைக் கொண்டாடுவதற்கென்றும் நாம் மூட்டுகிற நெருப்பு, அந்த நெருப்பின் புகை, மழை தேக்கிவிட்டுப் போன நீர், இவற்றையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு நாம் இழுத்துச் சாத்துகிற கதவு ஆகியவற்றின் கணக்கில்தான் அவற்றை எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திருத்தணியை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வதற்குக் காரணமுண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் டிசம்பர் இறுதியில்தான் இவ்வூருக்கு உரிய படித்திருவிழா வருகிறது. டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி மலையேறும் இவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்பது பிரசித்தம். அன்றைக்கு ஊரில் உறவினர் வந்து தங்காத வீடு குறைவு. இரண்டு வாரம் கழித்துப் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மறுபடியும் விடுமுறை. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைச் சீரமைப்பின்போது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பகுதி இது; ஆதலால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ்ப் பொங்கலும் அடுத்த வீட்டில் தெலுங்குச் சங்கராந்தியும் நடப்பது இங்கே விசேஷமன்று. இரு மரபுகளின் நெருப்பும் இரு மரபுகளின் பட்சணமும் ஒரே தெருவில் கூடுகின்றன.

பழைய வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திண்ணையும் முற்றமும் பின்கட்டும் கொண்ட ஓட்டு வீட்டில் அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது உண்மை. அந்தக் காலத்து ஸ்திரீகளின் சுவாசகோசம் அதற்குக் கொடுத்த விலையை மறந்துவிட்டு அவ்வீட்டைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஓட்டின் இடுக்கு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் புகை எப்படியோ வெளியேறிற்று. இன்றைய வீட்டில் கூரை தளமாயிற்று. ஜன்னலுக்குக் கண்ணாடியும், கொசுவுக்கு அஞ்சி வலையும் வந்தன. மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் கண்ணாடியும் சாத்தப்பட்டுவிடுகிறது. வீடு மாறிற்று, ஆனால் சாம்பிராணி, கற்பூரம், கணப்புச் சட்டி, கொசுவர்த்தி, வெந்நீர் அடுப்பு ஆகிய பழைய நெருப்புக்கள் ஒன்றுகூட விடைபெறவில்லை. உலகெங்கும் வீட்டினுள் எழும் சமையற்புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எரிவாயு வந்த பிறகு அது நம் வீட்டுக் கதையில்லை என்று நினைத்துவிடுவது எளிது. தமிழகத்தில் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் சமையலறையிலிருந்து விறகை வெளியேற்றியது மெய்யே. ஆனால் கொல்லைப்புறத்தில் அண்டாவை ஏற்றி வெந்நீர் காய்ச்சும் அடுப்பை அவை தொடவில்லை. குளியலுக்கு ஒரு சிலிண்டரின் எரிவாயுவைச் செலவழிக்க எந்தக் குடும்பத்தலைவிக்கு மனம் வரும்? எனவே மார்கழி முழுவதும் தென்னை மட்டையும் வேலிக் கருவையும் அட்டைப் பெட்டியும், சமயத்தில் பிளாஸ்டிக் உறையும் அந்த அடுப்பில் எரிகின்றன. அதன் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டு குளிர்காய்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக் கிழவரும் குழந்தைகளுமே.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்த அறையில் இதன் உக்கிரம் தணியும். குளிருக்காகக் கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்திவைத்து, ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்தக் கட்டிலிலேயே படுக்கவைத்துவிட்டு, நடுநிசியில் அது இருமுவதைப் பனிக்காற்றின் மேல் பழிபோடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது! கொசுவலை ஒன்றைக் கட்டிவிட்டால் அந்தச் சுருளுக்கே வேலையில்லை. வலைக்குள் புழுங்குகிறது என்ற ஆட்சேபம் சித்திரைக்குச் சரி, மார்கழிக்குச் செல்லாது.

புகையிலும் கொடியது, புகையே இல்லாத கரி நெருப்பு. பிள்ளை பெற்ற அறையில் கணப்புச் சட்டி வைக்கும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. விடுமுறைக்கு மலைவாசஸ்தலங்களுக்குப் போகிறவர்களோ, இறைச்சி சுட்ட கரியடுப்பை அணையும் தறுவாயில் உறங்கும் அறைக்குள் எடுத்துவைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் எழுந்திராமற்போன செய்திகள் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. கரி குறைந்த காற்றில் கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வதால், மூச்சு முட்டுகிற உணர்வுகூட ஏற்படாமல், தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி உறக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் எரிவாயுவால் எரியும் கீசரை மாட்டுவதிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரே அறையிலிருந்த பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி கண்டால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

போகியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பழையன கழிதல் என்ற தத்துவத்துக்கு விளக்கமாகக் கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் முறத்தையும் எரித்த காலத்தில் எரிந்தவையெல்லாம் கோரையும் ஈர்க்கும் மூங்கிலுமே. இன்று ஒரு வீட்டின் பழையன என்பவை எவை? பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்சின் பை, நைலான் பாய், சைக்கிள் டியூப், டயர். இவை எரியும்போது எழும் கரும்புகையில் உள்ளவை கோரைப்பாயின் புகையில் ஒருநாளும் இருந்ததில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் இவற்றை எரிக்காதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்துக்கொண்டே இருக்கிறது. 2018 ஜனவரியில் போகியன்று விடியலில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. புகை மேலே போய்க் கலைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்தப் பருவத்து வானிலையிலேயே இருக்கிறது. தெளிந்த தை இரவில் பூமி தன் சூட்டை இழந்து குளிர்கிறது; தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேலுள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. கீழிருந்து கிளம்பும் புகை அந்த வெதுவெதுப்பான அடுக்கைத் தாண்ட வலுவின்றி, வெயில் ஏறித் தரை சூடாகும் வரை தெருவிலேயே தேங்குகிறது. பனித்துளிகள் புகையின் துகள்களைப் பற்றிக்கொண்டு உருவாவதால் மூடுபனியும் தடிக்கிறது. போகி நெருப்பை மூட்டும் அதிகாலை நான்கு, ஐந்து மணி என்பது, புகை கலைவதற்கு இருபத்துநாலு மணி நேரத்தில் மிகப் பொருந்தாத வேளை. மலையடிவாரத்தில் குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் ஊருக்கு இதன் பாதிப்பு கூடுதலே அன்றிக் குறைவாக இராது.

எல்லைப்புறத்தில் போகிக்கு இன்னொரு முகமும் உண்டு. தெலுங்குக் குடும்பங்களில் போகி மண்டலு என்று பெரிய கட்டைகளைக் கூட்டித் தெருமுனையில் கொளுத்துவதும், வறட்டியை மாலையாகக் கோத்து அதில் இடுவதும் சம்பிரதாயம். கட்டையும் வறட்டியும் மட்டும் எரிந்தால் டயருக்கு இது எவ்வளவோ மேல். அன்று மாலையில் சிறு குழந்தைகளை மணையில் உட்காரவைத்து, இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பூவிதழ், சில்லறைக் காசு ஆகியவற்றைக் கலந்து தலைமேல் சொரிந்து திருஷ்டி கழிக்கிறார்கள். இதற்குப் போகிப் பள்ளு என்று பெயர். பார்க்க மிக அழகான சடங்கு. ஆனால் மணையில் உட்கார்ந்திருப்பது ஒன்றரை வயதுப் பிள்ளையானால், அதன் மடியில் வந்து விழுபவை யாவும் தொண்டையில் சிக்கும் அளவுள்ளவை என்பதையும் பார்க்க வேண்டும்: இலந்தைக் கொட்டை, ஒரு ரூபாய்க் காசு, கரும்புத் துண்டு. சுற்றியிருப்பவர்கள் பாட்டிலும் புகைப்படத்திலும் இருக்கையில் கைக்கு அகப்பட்டதைப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்வதற்கு ஒரு கணம் போதும். சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. மிகச் சிறிய பிள்ளைக்குப் பூவிதழோடு முடித்துக்கொள்ளலாம், அல்லது ஒருவர் பிள்ளையின் வாயை மட்டும் கவனிக்கும் பொறுப்பை ஏற்கலாம். சிக்கிவிட்டால் விரலை விட்டுத் துழாவுவது பொருளை மேலும் உள்ளே தள்ளும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவை முன்னங்கையில் குப்புறத் தாழ்த்திப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, பலிக்காவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் இரு விரலால் ஐந்து முறை அழுத்தி, மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

இனிச் சமையலறை. பண்டிகையன்று ஒரே அடுப்பில் காலை முதல் இரவு வரை வேலை நடக்கிறது. இடையே சிலிண்டர் தீர்ந்து மாற்ற வேண்டிவருகிறது. மாற்றுபவர் அவசரத்தில் இருக்கிறார். 14.2 கிலோ எரிவாயு அடங்கிய அந்தச் சிவப்புச் சிலிண்டரைப் பெரும்பாலோர் எடை பார்ப்பதோடு சரி. அதன் மேல் வளையத்தைத் தாங்கும் மூன்று தகடுகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்டில் எழுதியிருப்பதை யாரும் குனிந்து படிப்பதில்லை. ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச், ‘பி’ ஏப்ரல் முதல் ஜூன், ‘சி’ ஜூலை முதல் செப்டம்பர், ‘டி’ அக்டோபர் முதல் டிசம்பர்; இலக்கம் ஆண்டு. அந்தச் சிலிண்டர் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டிய தவணை அது. தவணை கடந்ததை மறுத்துத் திருப்பியனுப்ப நமக்கு உரிமையுண்டு. ஆரஞ்சு நிற ரப்பர்க் குழாயின் மேலும் காலம் எழுதியிருக்கிறது; ஐந்து ஆண்டுக்கொருமுறை அதை மாற்ற வேண்டும், வெடிப்புத் தெரிந்தால் உடனே. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் பரவி மேடைக்கடியிலும் மூலையிலும் தேங்கும். அது இயல்பில் மணமற்றது. கசிவு தெரியவேண்டுமென்றே அந்தத் துர்வாடையைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் மின்விளக்கைப் போடுவதும், வாயுவை வெளியேற்றுவதாக எண்ணி மின்விசிறியைச் சுழலவிடுவதும் பொறியை நாமே வைப்பதாகும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மார்கழியில் சமையலறை ஜன்னல் சாத்தியே கிடப்பதால் இந்தத் தேக்கம் இன்னும் எளிதாக நேர்கிறது.

திருத்தணிச் சுற்றுவட்டாரத்தில் இதோடு ஒரு தனி விஷயம் சேர்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களில் விசைத்தறி ஓடுவது தொழிற்சாலையில் மட்டுமன்று, குடியிருக்கும் வீட்டின் முன்கட்டிலும்தான். தறியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசு சுவர் விளிம்பிலும் மின்கம்பி மேலும் படிந்து கிடக்கிறது. பொங்கலுக்குத் தறி நிற்கும் நாளில் அந்த இடத்தையே விருந்தாளிகள் படுக்கவும், பூஜை விளக்கு ஏற்றவும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஏறும் தீயின் வேகத்தைத் தறிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, விருந்தாளிகளுக்குத்தான் தெரியாது.

வெந்நீருக்காக வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் கம்பி இப்பருவத்தின் மற்றொரு யமன். சுவிட்சை அணைக்காமலே சூடு பார்க்கத் தண்ணீரில் விரலை வைக்கிற பழக்கம் எவ்வளவு பேருக்கு! வீட்டு மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியைப் பொருத்திவிட்டால் இந்த அஜாக்கிரதை பெரும்பாலும் உயிர் வாங்காது. வெந்நீரை விளாவும்போது வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி அதன்மேல் வெந்நீரைச் சேர்ப்பது என்று ஒரு வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்திவிட்டால், ஓடிவந்து வாளிக்குள் கைவிடும் குழந்தை தப்பும். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழகத்தில் பெயர்பெற்றது. அங்கே போய்ச் சேரும் முன் நாம் செய்யும் வைத்தியம்தான் காயத்தின் தலைவிதியைப் பாதி நிர்ணயிக்கிறது. சுட்ட இடத்தில் குழாயின் குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் ஓடவிடுவதே சரியான முதலுதவி. இங்க், பற்பசை, அரிசி மாவு, வாழைமட்டைச் சாறு, பனிக்கட்டி இவற்றில் ஒன்றும் வேண்டாம்.

கற்பூரத்தைப் பற்றி எழுதாமல் திருத்தணியைப் பற்றிய கட்டுரை நிறைவுபெறாது. படித்திருவிழாவுக்கென்று வில்லை வில்லையாகக் கற்பூரம் வாங்கி வீட்டில் குவித்துவைக்கும் நாட்களில், கற்கண்டென்று நினைத்துக் குழந்தை அதைத் தின்றுவிடலாம். பூஜைக் கற்பூரம் வயிற்றில் போனால் சில நிமிஷங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். ஒரு கிராம் அளவே சின்னஞ்சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகக்கூடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், மீதிக் கற்பூரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு. சர்க்கரைப் பொங்கலுக்குச் சிட்டிகை சேர்க்கும் பச்சைக் கற்பூரத்தையும் பூஜைக் கற்பூரத்தையும் ஒரே டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. அந்துருண்டை மற்றொன்று. ஆண்டு முழுவதும் பெட்டியில் நாப்தலீன் உருண்டைகளோடு அடைத்துவைத்த கம்பளியைக் குளிர் வந்ததும் எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போர்த்துகிறோம். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு அந்த வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கும். கம்பளியை நன்றாகத் துவைத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திய பிறகே எடுக்க வேண்டும். திருத்தணியில் வெயிலுக்கா பஞ்சம்?

நெருப்பிலிருந்து நீருக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. விடுமுறை வரும்போது மொட்டைமாடியில் கவிழ்க்காத தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் தெளிந்த நீர் நிற்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அழுக்கு நீரை விட்டுத் தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது, இரவை விட்டுப் பகலிலே கடிப்பது. முட்டை நீரின்றி உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தொட்டி நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு இதைச் செய்தால் சுழற்சி அறுந்துபோகும். விடுமுறைக்கு வெளியூர் போகிற வீட்டார் பூட்டிவிட்டுப் போகும் வாளிகளே தெருவுக்குக் கொசுவை வளர்த்துக் கொடுக்கின்றன. நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்குவதால் அதைக் குடிப்பவர்களைக் குறைகூற மாட்டேன். ஆனால் குடிநீரைக் குடித்துவிட்டுக் காய்ச்சல் மூன்றாம் நாளாகியும் இரத்தப் பரிசோதனைக்குப் போகாதிருப்பது தவறு. காய்ச்சல் தணிந்தவுடன் ஆபத்தும் தணிந்தது என்று எண்ணிவிடுவது அதைவிடத் தவறு. டெங்குவில் இரத்த அழுத்தம் சரிவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற அந்த ஓரிரு நாளில்தான்.

இதைக் காட்டிலும் இந்த வட்டாரத்துக்கே உரியது, பலர் பெயரே கேட்டிராத ஸ்க்ரப் டைபஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகளிடம் பல்லாண்டுகளாக இதை ஆராய்ந்து வந்திருக்கிறது. மழைக்குப் பின் தழைக்கும் புதரிலும் புல்லிலும் வாழும் கண்ணுக்கெட்டாத உண்ணிக் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. மழைக்காலத்தின் பின்பாதியிலிருந்து குளிர்காலம் வரையில் நோயாளிகள் பெருகுகிறார்கள். கடித்தது அப்போது தெரிவதில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் கீழோ, சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு. மறைவிடத்தில் இருப்பதால் நோயாளிக்கே அது தெரியாது. வெட்கத்தால் மருத்துவரிடமும் காட்டப்படுவதில்லை. அந்தப் பொருக்கைக் கண்டுவிட்டால் நோய் தெரிந்துவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற விலைமலிந்த மாத்திரையில் பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தாலோ நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கு மோசம் வருகிறது. வீட்டையொட்டிய புதரை வெட்டுவது, வெந்நீர் அடுப்புக்கென்று குவித்த விறகை வாசற்படியை விட்டு எட்டவைப்பது, புல்லில் உட்கார்ந்து எழுந்துவந்தால் குளித்து உடைமாற்றுவது என்பவை இதற்குப் போதும். விறகுக் குவியலைத் தள்ளிவைத்தால் எலி குறையும், எலியைத் தேடிவரும் பாம்பும் குறையும் என்பது உபரி லாபம்.

குளிருக்கே உரிய தீங்கு ஒன்றுமில்லையா என்றால், வயோதிகர்களுக்கு உண்டு. குளிர் பட்டால் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது; விடியற்காலையில் இயல்பாகவே அழுத்தம் ஏறும் வேளையும் சேர்கிறது. மார்கழி நீராடல் புண்ணியம் என்று எழுபது வயதில், நெஞ்சுநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், நாலரை மணிக்குக் குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டிக்கொள்வதை எந்த சாஸ்திரமும் கட்டாயப்படுத்தியதாக நான் கேட்டதில்லை. வெதுவெதுப்பான நீரில் ஏழு மணிக்குக் குளித்தாலும் திருப்பாவை திருப்பாவைதான். பண்டிகை ஆகாரமோ வெண்பொங்கலில் நெய்யும் உப்பும், சர்க்கரைப் பொங்கலில் வெல்லமும், திருவாலங்காட்டுக் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு விளையும் பூமியாதலால் கடிக்கக் கரும்புமாக நாலு நாள் தொடர்கிறது. மிளகும் சுக்கும் சேர்ந்த வெண்பொங்கல் குளிருக்கு ஏற்றது என்பதில் உண்மையுண்டு; ஆனால் மூன்று கரண்டிக்குப் பிறகு அந்த உண்மை பலமிழக்கிறது. உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும், இருதயம் பலவீனமானவர்களுக்கு ஓரிரு நாளில் கால்வீக்கமாகவும் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படும். இதில் மிக அற்பமாகத் தோன்றி மிக அதிகத் தீங்கு செய்வது மாத்திரை தீர்ந்துபோவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. ஆனால் விடுமுறை நாலைந்து நாள் சேர்ந்து வரும்போது, மருந்துக்கடையும் மூடி, பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருக்க, மாத்திரை அட்டை இங்கே இருக்கும்.

கோலமிடுவதும் வீட்டு விஷயமே. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில், பனிமூட்டத்தில் தெருவின் பாதிவரை கோலத்தை விரித்துக் குனிந்திருக்கும் பெண் வண்டியோட்டிக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. வாசல் விளக்கை எரியவிட்டு, வெளிர் நிறப் புடைவையுடுத்தி, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி போட வேண்டும்.

கடைசியாக, 2022-ஆம் ஆண்டு ஜனவரி. ஒமிக்ரான் பரவலால் தமிழக அரசு ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களைப் பொதுமக்களுக்கு மூடிற்று. 9, 16, 23 ஆகிய ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. பொங்கலும் தைப்பூசமும் அந்த ஐந்து நாளுக்குள் அடங்கிவிட, அறுபடை வீடுகளில் ஐந்தாவதான தணிகையில் பக்தரின்றித் தைப்பூசம் கடந்தது. வீட்டிலிருங்கள் என்று அரசு சொன்ன அந்த நாட்களில், வீட்டுக்குள் எப்படி இருப்பது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மூச்சின் வழியே பரவும் நோய்க்கு மூடிய அறையில் பத்துப் பேர் கூடியிருப்பது தெருவில் நடப்பதைவிட மோசம் என்பதை மருத்துவர்கள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலான இன்ஃபுளுவென்சாவுக்கும் அதே விதிதான். தமிழகத்தில் அது மழைக்காலத்தையொட்டிப் பெருகுவது. ஆனால் நாம் முகக்கவசத்தைக் கழற்றியதோடு ஜன்னலையும் மறுபடி சாத்திவிட்டோம். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைக் காலையில் அரைமணி, மாலை விளக்கு வைப்பதற்கு முன் அரைமணி திறந்துவைத்தால் அறையின் சூடு ஒரு டிகிரியோ இரண்டோ குறையலாம். இருமுகிறவர் தனி அறையில் படுத்துக்கொள்ள இடமில்லாத வீட்டில், அவருடைய படுக்கை ஜன்னலருகே போகட்டும்; படித்திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளில் இருவர் மொட்டைமாடிக் கொட்டகையில் போர்த்திக்கொண்டு உறங்குவதை அவமரியாதையாக நினைக்கும் திருத்தணிக்காரர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.